வேலூரில் இரண்டு நாள்: கோட்டை, கடைத்தெரு, மேற்கே ஒரு சுற்று

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "சனி, ஞாயிறு இரண்டு நாள் வேலூர் வரலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, 67 வயது அம்மா, ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன். பொற்கோயில் தெரியும். அதைத் தாண்டி இரண்டு நாளுக்கு அங்கே விஷயம் இருக்கிறதா? பையனுக்கு வரலாறு பிடிக்கும். மனைவி தோல் சாமான், செருப்பு வாங்கணும் என்கிறாள். அம்மாவுக்குக் கோயில் வேண்டும். வெயில் எப்படி?"

விஷயம் இருக்கிறது. ஆனால் பொற்கோயிலை முதலில் வைக்காதீர்கள். அங்கே போய் வந்தால் அரை நாள் கரைந்துவிடும், கால் ஓய்ந்துவிடும், அதன்பிறகு கோட்டையை "வந்ததற்குப் பார்த்தோம்" என்று பார்ப்பீர்கள். வேலூருக்கு வரும் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மகனைக் கல்லூரியில் சேர்க்க வந்தவர்கள், பொற்கோயிலுக்கு வேன் பிடித்து வந்தவர்கள் என்று எல்லோரும் கோட்டை அகழியைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை. (பெண்களைப் பற்றியும் போலீசைப் பற்றியும் ஆளுக்கு ஒன்று உண்டு. அதை எழுதினால் எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது.) இதில் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியதைப் பார்த்தவர்கள் தண்ணியில்லாத ஆறு என்று இனிமேல் வாய் திறக்க மாட்டார்கள். மலை இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ராஜா இல்லாத கோட்டை என்பதுதான் சுத்தப் பொய். இங்கே ராஜாக்கள் நிறையவே இருந்தார்கள், பாதிப்பேர் கைதிகளாக. உங்கள் பையனுக்கு வேலூரைக் காட்டுவதென்றால் அந்தக் கைதிகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் வழி.

வெயிலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலூர் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. சுற்றிலும் பாறை மலை. ஏப்ரல், மே மாதத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு வர வேண்டாம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மற்ற மாதங்களில் வந்தால் காலை பத்தரை வரை ஒரு நடை, நாலரைக்கு மேல் ஒரு நடை என்று வைத்துக்கொண்டு நடுவில் அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிடுங்கள்.

ரயில் என்றால் பெரிய நிலையம் காட்பாடி ஜங்ஷன். அங்கிருந்து ஊருக்குள் ஐந்தாறு கிலோமீட்டர், பாலாற்றுப் பாலம் தாண்டி வர வேண்டும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ் ஊரின் நடுமுதுகில் ஓடும். விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக வரும் வண்டி கிடைத்தால் வேலூர் கண்டோன்மெண்டிலேயே இறங்கிவிடலாம், கோட்டை பக்கம். தங்குவதற்கு ஒரு வேண்டுகோள்: சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜுகளில் அறை தேடாதீர்கள். மாதக்கணக்கில் சிகிச்சைக்கு வந்து தங்குபவர்கள் வாடகை பார்த்துப் பார்த்து இருக்கும் இடம் அது. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குச் சத்துவாச்சாரி பக்கமோ, புதிய பஸ் ஸ்டாண்டுக்கு அருகிலோ, காட்பாடியிலோ அறை கிடைக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கோட்டைக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் அகழியை ஒட்டி ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சியில் இருப்பார்கள். உள்ளே போகும் அவசரம் வேண்டாம். முதலில் வெளியே கொஞ்ச தூரம் நடந்து மதிலைப் பாருங்கள். பெரிய பெரிய கருங்கல்லைச் சுண்ணாம்பு வெளியே தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். நடுநடுவே உருண்டைக் கொத்தளங்கள். கோட்டைப் பரப்பு 133 ஏக்கர். விஜயநகரப் பேரரசின் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழும்பியது. பிறகு விஜயநகர ராயர்கள் பெனுகொண்டாவையும் சந்திரகிரியையும் விட்டு இறங்கி வந்து கடைசியில் இங்கே உட்கார்ந்தார்கள். இன்றைக்கும் வயதானவர்கள் ராயவேலூர் என்று சொல்வது அதனால்தான். 1650-களில் பீஜப்பூர் சுல்தான் படை, 1678-ல் மராட்டியர், 1708 வாக்கில் முகலாயத் தளபதி தாவூத் கான், அப்புறம் ஆற்காட்டு நவாபின் உறவினர்கள், 1760-க்குமேல் கும்பினி, அதாவது வெள்ளைக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி என்று கை மாறிக்கொண்டே வந்தது.

மதிலின் மேல் ஏற விடும் இடத்தில் ஏறி, கிழக்கே இருக்கும் மொட்டை மலைகளைக் காட்டுங்கள். அவற்றின் உச்சியில் சுவர்கள் தெரியும். இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்த சிவாஜியின் படை, எதிர்மலையில் சாஜரா, கோஜரா என்று இரண்டு கோட்டை கட்டி அங்கிருந்து பீரங்கி வைத்தது. ஒரு கோட்டையைப் பிடிக்க இன்னும் இரண்டு கோட்டை. பையன் மேலே போகணும் என்று அடம் பிடிப்பான். ஒழுங்கான பாதை கிடையாது, முள்ளும் பாறையும்தான். கீழிருந்து பார்த்தால் போதும்.

ஏழரை, எட்டு மணிக்கு ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போய்விடுங்கள். அம்மா சாமி கும்பிடட்டும், நீங்கள் கல்யாண மண்டபத்தில் நில்லுங்கள். மதுரைக்காரர்களுக்கு யாளித் தூணும் குதிரை வீரன் தூணும் புதிதில்லை, புது மண்டபத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள். ஆனால் திருமலை நாயக்கர் புது மண்டபம் கட்டுவதற்கு அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய வேலை இது. அளவில் சிறியது, கைவேலையில் நெருக்கமானது. கட்டாயம் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது. விதானத்தின் நடுவில் தொங்கும் மலரைச் சுற்றி, தலைகீழாகக் கிளிகள் வட்டமாகத் தொத்திக்கொண்டிருக்கும். எல்லாம் கல். இந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்துக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கும்பினிக்காரர்கள் திட்டம் போட்டார்கள், ஏற்றிப்போக வந்த கப்பல் வழியிலேயே மூழ்கியதால் தப்பியது என்று ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தைப் பார்த்தபின் அந்த ஆசை யாருக்கும் வந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

அப்பைய தீட்சிதர் பெயரை அம்மா கேள்விப்பட்டிருப்பார். ஆரணிக்குப் பக்கத்தில் அடையபலம் கிராமத்துக்காரர். அவருடைய சைவ நூலுக்காகச் சின்ன பொம்மி நாயக்கர் பொன்னால் அபிஷேகம் செய்தார் என்பார்கள். இந்தக் கோயில் எழுந்ததும் அந்த நாயக்கர் காலத்தில்தான். அப்புறம் வந்த படையெடுப்புகளில் மூலவர் வெளியே போனார். கும்பினி காலத்தில் கோயில் ஆயுதக் கிடங்கானது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. தொல்லியல் துறை வசமிருக்கும் நினைவுச்சின்னத்தில் வழிபாடு கூடாது என்பது விதி. 1981 மார்ச்சில் ஊர் மக்கள் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இன்று கோயிலில் நீங்கள் பார்க்கும் கூட்டம், விபூதி, அகல் விளக்கு எல்லாம் அந்த ஒரு நாளிலிருந்து தொடங்குவது. பகலில் நடை சாத்துவார்கள், அதனால்தான் காலையிலேயே போகச் சொல்கிறேன்.

கோயிலிலிருந்து வெளியே வந்ததும் 1806-க்குப் போய்விடலாம். பையனுக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நின்ற இடத்தில் வைத்து நீங்களே அவனுக்குச் சொல்லலாம்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபின், அவருடைய பிள்ளைகளையும் பெண்மக்களையும் கும்பினி இங்கே கொண்டுவந்து வைத்தது. திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று இன்றும் சொல்லும் கட்டடங்கள் அவர்கள் இருந்தவை. அவர்களோடு வந்த பரிவாரம் ஊரில் குடியேறியது. 1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புதிய உடை விதி வந்தது. நெற்றியில் விபூதி, நாமம் எதுவும் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை அளவாகக் கத்தரிக்க வேண்டும். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. மாட்டுத் தோலா பன்றித் தோலா என்று இரண்டு தரப்புக்கும் சந்தேகம். படைத்தலைவர் சர் ஜான் கிராடக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க். 1806 மே மாதத்தில் தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி கிடைத்தது.

ஜூலை 9-ஆம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் யாரும் எதையும் கவனிக்கவில்லை. பத்தாம் தேதி நள்ளிரவு தாண்டி, விடிவதற்குள், மூன்று பட்டாளத்துச் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-ஆவது ரெஜிமெண்ட் வெள்ளைச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டடி மீது சரமாரியாகச் சுட்டார்கள். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் சுடப்பட்டார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து பிழைத்து, அந்த இரவைப் பற்றி எழுதியும் வைத்திருக்கிறார். விடிந்தபோது கோட்டையில் மைசூர்க் கொடி பறந்தது. திப்புவின் இரண்டாவது மகன் பத்தே ஹைதரை மன்னர் என்று அறிவித்தார்கள்.

அடுத்து நடந்ததை வாசலில் வந்து நின்றுகொண்டு சொல்லுங்கள். இரவு கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். ஆற்காட்டில் குதிரைப்படை. 25 கிலோமீட்டர். ரோலோ கில்லெஸ்பி என்ற கர்னல் முன்னால் பாய்ந்து வந்து, மதிலின் ஒரு மூலையில் குண்டு தீர்ந்துபோய்ச் சிக்கியிருந்த அறுபது வெள்ளையர்களோடு சேர்ந்துகொண்டார். அவர் கயிறு பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் வாசற்கதவைப் பிளந்தன. அதற்குப்பின் நடந்தது போரே இல்லை. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்றைக்கு இறந்த சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெள்ளையரில் 14 அதிகாரிகளும் 115 வீரர்களும். விசாரணைக்குப்பின் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்கள் வேறு. மூன்று பட்டாளங்களையும் கலைத்தார்கள். உடை விதியைத் திரும்பப் பெற்றார்கள். கிராடக்கும் பெண்டிங்க்கும் பதவி இழந்து ஊர் திரும்பினார்கள். 1857-க்கு 51 ஆண்டு முன்னால் இதெல்லாம்.

ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்துபோன விஷயம் என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திப்பு குடும்பத்தின் சதி என்று ஒரு கட்சி, தலைப்பாகைதான் காரணம் என்று ஒரு கட்சி. கும்பினி இரண்டையும் நம்பியது. அதனால்தான் விதியையும் வாபஸ் வாங்கியது, திப்பு குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பியது.

கோட்டைக்குள் பல கட்டடங்கள் இன்று காவல் பயிற்சிப் பள்ளியிடமும் அரசு அலுவலகங்களிடமும் இருக்கின்றன. மஹால்களை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும் என்று எண்ணிக்கொண்டு போங்கள். கோயிலும் மசூதியும் 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருப்பதை எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். நடுகற்கள், பழைய வாட்கள், அப்புறம் கண்டி மன்னர் ஆடிய தந்தச் சதுரங்கப் பலகை. வெள்ளிக்கிழமை விடுமுறை. நீங்கள் சனிக்கிழமை வருவதால் பிரச்சினை இருக்காது, இரண்டாம் சனி மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கண்டி மன்னர் உங்கள் ஊர்ச் சம்பந்தக்காரர். கண்டி அரச வம்சத்தினர் மதுரை நாயக்கர் வழியில் பெண் எடுத்து, பிறகு அந்த வழியினரே அரசரும் ஆனவர்கள். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் கண்டி வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அவரையும் ராணிகளையும் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30-ல் இறக்கும்வரை இங்கேயே. அவர் உட்கார்ந்த சிம்மாசனம் விண்ட்சர் அரண்மனைக்குப் போய், 1934-ல்தான் இலங்கைக்குத் திரும்பியது. அவர் திரும்பவேயில்லை. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார். 1990-ல் எழுப்பிய மண்டபத்துக்குள் அவருடைய கல்லறையும் குடும்பத்தார் கல்லறைகளும் இருக்கின்றன. பெரிய கூட்டம் இருக்காது. இலங்கையிலிருந்து வருபவர்கள் தேடி வந்து பார்க்கிறார்கள், வேலூர்க்காரர்களில் பாதிப்பேர் பார்த்ததில்லை.

மதியத் தூக்கம் முடிந்து மாலை நாலரைக்கு இந்த மண்டபத்தை முடித்துவிட்டு, திரும்பும் வழியில் மக்கான் சந்திப்பில் 1806 நினைவுத் தூணை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். 1998-ல் வைத்தது. ஜூலை 10 அன்று மாலை போடுவார்கள். அந்தப் பக்கம்தான் ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாத்ஷா பேகம் ஆகியோரின் அடக்கத்தலங்களும். பிள்ளைகள் கல்கத்தாவுக்குப் போக, இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஐந்தரைக்கு லாங் பஜாருக்குள் நுழையுங்கள். காரை, ஆட்டோவை மறந்துவிடுங்கள், உள்ளே நடைதான். லாங் பஜார், மெயின் பஜார், மண்டித் தெரு, நேதாஜி மார்க்கெட் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போகும். மளிகை மொத்த வியாபாரம், பாத்திரம், பூ, காய்கறி, துணி, பிளாஸ்டிக் என்று தெருவுக்கொரு வாசனை. மணிக்கூண்டைத் தாண்டும்போது மேலே பார்க்காமல் கீழே பாருங்கள், முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்களை நினைவுகூரும் கல் இருக்கிறது. கடைக்காரர்கள் அதன்மேல் சாக்கை சாத்தி வைக்காமல் இருந்தால் படிக்கலாம். தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே பேரத்தில் கலந்து காதில் விழும். வட ஆற்காடு மாவட்டத்தின் பழைய தலைநகர் சித்தூர். 1911-ல் அது தனி மாவட்டமாகப் பிரிந்தபின்தான் வேலூர் தலைநகரானது. தெலுங்கு இங்கே வந்த மொழி இல்லை, இருந்த மொழி.

இங்கே வாங்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் முள்ளு கத்திரிக்காய் என்பேன், சிரிக்காதீர்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி ஊர்க் காய். காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும், பார்த்து எடுக்க வேண்டும். 2023-ல் வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு இதை விட்டால் வேறில்லை என்பது எங்கள் கட்சி. ஞாயிறு ஊருக்குத் திரும்பும் முன் காலையில் உழவர் சந்தையில் வாங்கிக்கொண்டால் மதுரை வரை வாடாது.

தோல் சாமானுக்கு வருகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் ஷாப்புகள், அதாவது பதனிடும் ஆலைகள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பல் ஏறியது. பிறகு குரோமியம் வந்தது, வேகமாக வேலை முடிந்தது, பாலாறு கெட்டது. அந்த வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவன் காசு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். வாங்கும்போது இதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

பெல்ட், பர்ஸ், செருப்பு போன்றவை வேலூர்க் கடைகளிலேயே வாங்கலாம். ஷூ என்றால் ஆம்பூருக்குப் போவது மேல். ஆம்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளின் மிச்சச் சரக்கும் சின்னக் குறையுள்ள செகண்ட்ஸும் நெடுஞ்சாலையோரக் கடைகளில் கிடைக்கும். அசல் தோலா என்று பார்க்க, வெட்டிய ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி தெரிந்தால் ரெக்சின். முகத்தில் மட்டும் வழவழவென்று ஒரே மாதிரிப் புள்ளி ஓடினால், அடித்தோலைப் பிளந்து மேலே பூச்சு பூசியது. அது விலை குறைவுதான், ஒரு வருஷத்தில் மடிப்பில் உரியும். செகண்ட்ஸ் ஜோடியில் இடது வலது இரண்டும் ஒரே அளவா, ஒரே நிறமா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு காலிலும் போட்டு நாலடி நடந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். திரும்பி வந்து மாற்ற உங்களுக்கு வழியில்லை.

மனைவிக்குப் பட்டும் வேண்டும் என்றால் ஆரணிப் பட்டு வேலூர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. காஞ்சிபுரத்தை விடக் கனம் குறைவு, விலையும் குறைவு, அன்றாடம் விசேஷங்களுக்குக் கட்ட ஏற்றது. உங்களுக்குக் குடியாத்தம் லுங்கி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சி.எம்.சி. எதிர்த் தெருக்களுக்குப் போகலாம். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இன்று ஒரு தனி ஊர். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருவதால் கடைப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும், மீன்குழம்பும் சோறும் வங்காளப் பக்குவத்தில் கிடைக்கும். கடுகெண்ணெய் வாசம் பிடிக்காவிட்டால் ஒதுங்கிவிடுங்கள். அம்மாவுக்கு இட்லி, தோசைக்கு ஊரில் பஞ்சமில்லை.

ஞாயிறு மேற்கே போங்கள். கார் ஒன்று வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள், அம்மாவோடு பஸ் மாறி மாறி ஏற வேண்டாம். காலை ஏழு மணிக்கு விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து 13 கிலோமீட்டர் இருக்கும். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். விரிஞ்சை மதிலழகு என்று பழமொழியே உண்டு, வெளியிலிருந்து பார்த்தாலே புரியும். உள்ளே சிம்மக் குளம், சிங்க வாய் வழியாக இறங்குவது. கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அங்கே முழுகுவார்கள், அந்த நாளில் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் அம்மா திணறிவிடுவார். பையனைப் பிராகாரத்தில் இருக்கும் காலம் காட்டும் கல்லுக்கு அழைத்துப் போங்கள். சாய்வான கல்லில் அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும். மேலேயுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. கைக்கடிகாரத்தோடு சரிபார்த்துக்கொண்டு அவன் அங்கேயே கிடப்பான். வெயில் இருந்தால்தான் வேலை செய்யும், நம்ம ஊரில் அதற்குக் குறையில்லை.

வழியில் பள்ளிகொண்டா. ரங்கநாதர் படுத்திருக்கும் கோயில், அம்மாவுக்கு நேரமும் தெம்பும் இருந்தால் இறங்குங்கள். பதினொன்றரைக்கு ஆம்பூர். ஷூ முதலில், பிரியாணி பிறகு. வயிறு நிறைந்தபின் செருப்புக்கடையில் யாருக்கும் பேரம் பேச வராது. ஆம்பூர் பிரியாணி சீரகச் சம்பா அரிசி, காரம் மட்டு, கூடவே புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கு. ஊரில் கடைக்குக் கடை அதுதான் அசல் என்பார்கள். பன்னிரண்டு மணிக்கு தம் உடைக்கும்போது கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு வேறு ஏற்பாடு முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.

திரும்பி வந்து ஓய்வெடுத்துவிட்டு, மாலை நாலரைக்கு மேல் பொற்கோயில். திருமலைக்கோடியில், ஊரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் போல. 2007 ஆகஸ்டில் குடமுழுக்கு ஆனது, 1500 கிலோ தங்கம் என்கிறார்கள், செப்புத் தகட்டின்மேல் அடுக்கடுக்காகத் தங்க ரேக். நட்சத்திர வடிவ நடைபாதையே 1.8 கிலோமீட்டர். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் இதை யோசித்து முடிவெடுங்கள். அரைக்கால் சட்டை போட்டவர்களை விட மாட்டார்கள், போனையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே. விளக்குப் போட்டபின் பார்க்க நன்றாக இருக்கும். அதற்குமேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

பையன் பிடிவாதக்காரனாக இருந்து, செருப்பும் பிரியாணியும் வேண்டாம், வரலாறுதான் வேண்டும் என்றால், ஞாயிறு மேற்கே போகாமல் கிழக்கே ஆற்காட்டுக்குப் போங்கள். கில்லெஸ்பி குதிரையில் வந்த அந்த 25 கிலோமீட்டரை நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். 1751-ல் ராபர்ட் கிளைவ் சிறு படையோடு ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அரிசி குறைந்தபோது சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு இந்தியச் சிப்பாய்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஒரு கதை வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தது. 1806-ஐ முந்தின நாள் கேட்ட பையன் அதைப்பற்றி ஒரு கேள்வி கேட்பான், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை என்று அங்கே பெரிதாக எதுவும் நிற்கவில்லை. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும் மிச்சம். அதை எதிர்பார்த்துக்கொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள். ஆற்றுக்கு அக்கரையில் ராணிப்பேட்டை. செஞ்சி தேசிங்கு ராஜாவோடு உடன்கட்டை ஏறிய ராணியின் பெயரால் நவாப் உண்டாக்கிய ஊர் என்பார்கள். ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்காமல் வரக்கூடாது. பார்க்கக் குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும், உள்ளே முந்திரி, பாதாம் பூரணம் வைத்து நெய்யில் பொரித்துப் பாகில் போட்டது. ஒன்று தின்றால் போதும், இரண்டாவது தின்றால் மதியச் சாப்பாடு வேண்டாம்.

அமிர்தி, ஏலகிரி, வள்ளிமலை என்று யாராவது உங்கள் பட்டியலை நீட்டுவார்கள். ஏலகிரிக்குத் தனியாக ஒரு தடவை வாருங்கள், இதில் திணிக்காதீர்கள். அமிர்திக் காட்டு மிருகக்காட்சிசாலை சின்னது, மதுரையிலிருந்து வந்து பார்க்க வேண்டியதில்லை. வள்ளிமலை மட்டும் எனக்கே விட மனசில்லை. மலைமேல் முருகன், பாறையில் சமணச் சிற்பங்கள், கங்க மன்னன் ராஜமல்லனின் கல்வெட்டு, பக்கத்தில் மேல்பாடியில் ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டிய கோயில். ஆனால் படி ஏற வேண்டும், அம்மாவால் முடியாது. மூன்றாவது நாள் கிடைத்தால் நீங்களும் பையனும் மட்டும் விடியற்காலையில் போய்விட்டு, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.